பிடிக்கத் தெரிந்தது, விடத் தெரியவில்லை

சென்ற வருடம் அடைமழைக் காலம். வேளச்சேரியிலிருந்து தாம்பரம் போகிற சாலையில் பள்ளிக்கரணை தாண்டியதும் என் மோட்டார் சைக்கிள் நடுரோட்டில் நின்றுவிட்டது. பெட்ரோல் இருக்கிறது. இன்ஜின் ஓடுகிறது. கிளட்ச்சை விட்டால் வண்டி போகாமல் பூம்பூம் மாடு மாதிரி தலையை மட்டும் ஆட்டுகிறது. பின் ஸீட்டில் என் மகள், முதுகில் ஸ்கூல் பை. அவளுக்குப் பின்னால் ஒரு தண்ணி லாரி. டிரைவர் எப்படியோ நிறுத்திவிட்டார். இறங்கி எட்டிப் பார்த்தேன். லாரியின் பம்பருக்கும் என் நம்பர் பிளேட்டுக்கும் நடுவே இரண்டு சாண் கூட இருக்காது.

விஷயம் இதுதான். சற்றுமுன் ஒரு நாய்க்காக முன் பிரேக்கைப் பிடித்தேன். நாய் போய்விட்டது. நானும் லீவரை விட்டுவிட்டேன். ஆனால் பிரேக் விடவில்லை.

முன் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, தரதரவென்று இழுத்து ஓரம் கட்டினோம். டிஸ்க் மேல் விழுந்த மழைத்துளி தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி 'சொய்ங்' என்றது. முந்தின மாதம்தான் சர்வீஸ் விட்டு எடுத்திருந்தேன். எங்கே என்பது வேண்டாம். பில்லில் 'பிரேக் கிளீனிங்' என்று ஒரு வரி இருந்தது, அதற்குத் தனியாகப் பணமும் கொடுத்திருந்தேன். அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அரை ஃபர்லாங் தள்ளி ஒரு மெக்கானிக் ஷெட். அறுபது வயசு இருக்கும். எல்லோரும் பாய் என்றார்கள், நானும் பாய் என்றேன். மனுஷர் வண்டியைப் பார்த்தவுடன் ஸ்பானரைத் தூக்கவில்லை. காலிப்பரில் காற்று எடுக்க ஒரு சின்ன நிப்பிள் இருக்கும் பாருங்கள், அதை அரைத் திருப்பு திருப்பினார். இரண்டு சொட்டு ஆயில் வந்தது. சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். சுற்றவில்லை.

"ஆயில் பிரஷர் இல்ல சார். பிரஷர் உள்ளாற மாட்டியிருந்தா இத்தத் தொறந்ததும் வீல் ஃப்ரீ ஆயிருக்கும். மாஸ்டர் சிலிண்டர்லயும் தப்பு இல்ல, ஓஸ்லயும் இல்ல. காலிப்பர்தான்."

ஒரு திருப்பில் பாதிச் சந்தேகத்தை அழித்துவிட்டார்! மேலே பிரேக் ஆயில் டப்பா இருக்கிற மாஸ்டர் சிலிண்டரில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு துவாரம் உண்டு. பிரேக்கை விட்டதும் மிச்சப் பிரஷர் அதன் வழியாகத்தான் டப்பாவுக்குத் திரும்ப வேண்டும். அதில் தூசி அடைத்தாலும் பிரேக் விடாது. ஆயில் சூடேறச் சூடேற இன்னும் இறுக்கும். பாய் முதலில் அதை இல்லையென்று ஆக்கிக்கொண்டார். அப்புறம் காலிப்பரைக் கழற்றிக்கொண்டே அவர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரை.

"பிரேக் புடிக்கறதுக்கு ஆயில் தள்ளுது. விடறதுக்கு எது இழுக்குது சார்?"

ஸ்பிரிங் என்றேன். சிரித்தார். "ஸ்பிரிங்கே கிடையாது. தோ, இந்த ரப்பர்தான்."

அவர் விரலில் இருந்தது ஒரு கறுப்பு வளையம். அப்பளக்கட்டைக் கட்டியிருக்கும் ரப்பர் பேண்டைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான்.

பழைய டிரம் பிரேக்கில் இரண்டு ஷூவையும் உள்ளே இழுக்க நல்ல முரட்டு ஸ்பிரிங் இருக்கும். டிஸ்க் பிரேக் காலிப்பரில் அது இல்லை. லீவரை அழுத்தினால் பிஸ்டன் வெளியே வருகிறது. பிஸ்டனைச் சுற்றிக் கவ்விக்கொண்டிருக்கும் சதுர வெட்டு சீல் அதோடு சேர்ந்து லேசாகச் சாய்கிறது. கழன்று நகராது. தன் பள்ளத்தில் நின்றபடியே முறுக்கிக்கொள்ளும். லீவரை விட்டதும், சாய்ந்த ரப்பர் நிமிர்கிறது. நிமிரும்போது பிஸ்டனையும் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொள்கிறது. எவ்வளவு தூரம்? ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு பங்கு. அந்த மயிரிழை இடைவெளியில்தான் நாம் எல்லோரும் ஆபீஸ் போய் வருகிறோம்.

ஆக, அந்த ரப்பருக்கு இரண்டு உத்தியோகம். ஆயிலை வெளியே விடக்கூடாது. பிஸ்டனைத் திரும்ப அழைத்து வரவேண்டும். இந்த இரண்டையும் ஒரு வளையம் செய்வதற்கு மனுஷ ஜாதி ரொம்ப காலம் கஷ்டப்பட்டிருக்கிறது. நான் படித்தது பி.காம். இன்ஜினீயரிங் எனக்குத் தூரம். ஆனால் இந்தக் கதையில் கணக்கு வழக்கும் நிறைய இருக்கிறது. அதனால் தைரியமாக உள்ளே போகலாம்.

கொஞ்சம் பின்னால் போவோம். கொஞ்சம் என்றால், 1795-க்கு.

அடைத்து வைத்த திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி போய்ச்சேரும் என்று பிரான்ஸில் பாஸ்கல் எப்போதோ சொல்லிவிட்டார். அவர் செத்து மறுவருடம், 1663-ல் புத்தகமாகவும் வந்துவிட்டது. சின்ன பிஸ்டனை ஒரு கை அழுத்தினால் பெரிய பிஸ்டன் ஒரு யானையைத் தூக்கும். பேப்பரில் பிரமாதமான ஐடியா. ஆனால் நூற்றுச் சொச்சம் வருஷம் யாரும் அதை வைத்து ஒரு துணி மூட்டையைக் கூட அழுத்தவில்லை. காரணம் ரொம்ப சாதாரணம். ஒழுகும்!

ஜோசப் பிரமா என்ற ஆங்கிலேயர் 1795-ல் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். யார்க்‌ஷயர் விவசாயி மகன். காலில் அடிபட்டு வயல் வேலைக்கு லாயக்கில்லாமல் போய் தச்சு வேலைக்கு வந்தவர். திறக்கவே முடியாத பூட்டு என்று ஒன்றைச் செய்து, லண்டன் பிக்கடில்லியில் தன் கடை ஜன்னலில் வைத்து, 'இதைத் திறக்கிறவருக்கு 200 கினி பரிசு' என்று சவால் விட்ட ஆசாமி இவர்தான். 1851-ல்தான் ஒரு அமெரிக்கர் வந்து, பல நாள் உட்கார்ந்து அதைத் திறந்தார். அதற்குள் பிரமா செத்து 37 வருஷம் ஆகிவிட்டது.

பூட்டில் ஜெயித்தவர் பிரஸ்ஸில் திணறினார். பிஸ்டனைச் சுற்றிப் பேக்கிங்கை லூசாகக் கட்டினால் தண்ணீர் பீய்ச்சுகிறது. இறுக்கிக் கட்டினால் ஒழுகவில்லை, ஆனால் மேலே போன பிஸ்டன் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. பிடிக்கிறது, விடவில்லை! என் பள்ளிக்கரணைப் பிரச்னையை அவர் 200 வருஷத்துக்கு முன்னாலேயே அனுபவித்திருக்கிறார்.

அவர் பட்டறையில் ஹென்றி மாட்ஸ்லே என்று ஒரு இளைஞர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வயதில் சேர்ந்தவர். பிரஸ் காலத்தில் இருபத்து சொச்சம் வயது. அவர் தோலை எடுத்து, கிண்ணம் மாதிரி ஓரம் மடித்த ஒரு வளையம் செய்தார். உள்ளே அழுத்தம் ஏறினால் அந்த அழுத்தமே தோலின் ஓரத்தைப் பிஸ்டன் மேல் ஒட்ட வைக்கும். அழுத்தம் இறங்கினால் தோலும் தளர்ந்துவிடும். யாரும் இறுக்கவும் வேண்டாம், தளர்த்தவும் வேண்டாம். ஒழுக வைக்கப் பார்க்கிற எதிரியையே பிடித்துக் கதவுக்குக் காவல் போட்ட மாதிரி! இன்றைக்கும் நம் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷரின் வேலை இதே சூத்திரம்தான்.

இதற்கு மாட்ஸ்லேக்கு என்ன கிடைத்தது? அப்போது அவர் பட்டறையின் ஃபோர்மேன். வாரச் சம்பளம் 30 ஷில்லிங். கல்யாணமாகிக் குடும்பம் பெருகிவிட்டது, கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள் என்று கேட்டார். பிரமா முடியாது என்றார். மாட்ஸ்லே 1797-ல் வெளியே வந்து சொந்தப் பட்டறை போட்டார். திருகு வெட்டும் லேத்தைத் துல்லியமான இயந்திரமாக ஆக்கியவர் என்று தொழில்நுட்ப வரலாற்றில் இன்று பெரிய பெயர் அவருக்கு. சம்பள உயர்வு தராத முதலாளிகளால் தொழில் உலகம் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று யாராவது கணக்கெடுக்கலாம்.

காருக்கு வருவோம். டிஸ்க் பிரேக் புதுச் சரக்கு என்று பலரும் நினைக்கிறார்கள். பர்மிங்ஹாமின் ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். பேடு செம்பு. இரும்புத் தட்டில் செம்பு உரசினால் எப்படிக் கத்தும்? ஊரே காதைப் பொத்திக்கொண்டது. ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் அதற்கு ஆஸ்பெஸ்டாஸ் வைத்துச் சத்தத்தை அடக்கினார். தன் பெயரின் எழுத்துகளை மாற்றிப் போட்டு, மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்து அவர் வைத்த பெயர்தான் 'ஃபெரோடோ'. லைனிங் டப்பா மேல் பார்த்திருப்பீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் நுரையீரலை என்ன செய்யும் என்பது உலகத்துக்கு உறைக்க இன்னும் பல வருஷம் ஆனது. அது வேறு கதை.

கார்க்காரர்கள் அப்போதெல்லாம் பிரேக்குக்குக் கம்பியும் இரும்புத் தண்டும்தான் வைத்திருந்தார்கள். நாலு சக்கரத்துக்கும் ஒரே இழுப்பு போகாது. ஒன்று பிடிக்கும், ஒன்று வழுக்கும், வண்டி குறுக்கே திரும்பும். இங்கேதான் சான்பிரான்சிஸ்கோ பக்கத்திலிருந்து மால்கம், ஆலன் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர் வருகிறார்கள். 1913-ல் தாங்களே விமானம் செய்து வளைகுடா மேல் பறந்தவர்கள். குடும்பப் பெயரை எழுதுவது ஒரு மாதிரி, படிப்பது ஒரு மாதிரி. எழுத்தைப் பார்த்து ஜனங்கள் 'லாக்ஹெட்', 'லக்ஹெட்' என்றெல்லாம் கூப்பிட, நொந்துபோய் உச்சரிப்புப்படியே ஸ்பெல்லிங்கை மாற்றிக்கொண்டார்கள். லாக்ஹீட்! ஆமாம், விமானக் கம்பெனி லாக்ஹீட்தான்.

மால்கத்துக்கு பிரேக் பைத்தியம். 1917-ல் ஹைட்ராலிக் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். 1919-ல் விமானத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு டெட்ராய்ட் போய்விட்டார். 1921 ஜூலையில் லெ மான்ஸ் நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில் ஜிம்மி மர்ஃபி என்ற அமெரிக்கர் ட்யூஸன்பர்க் காரில் ஜெயித்தார். நாலு சக்கரத்திலும் ஹைட்ராலிக் பிரேக். ஐரோப்பியர்கள் வாயைப் பிளந்தார்கள்.

ஆனால் சீல்? அதே பழைய தோல்தான். மாட்ஸ்லேயின் தோல் பிரஸ்ஸில் சமர்த்தாக இருந்தது. காரில் வெயில், குளிர், நாள் கணக்கில் சும்மா நிற்பது எல்லாம் உண்டு. தோல் காய்ந்தது, சுருங்கியது, ஒழுகியது. கிரைஸ்லர் 1924-ல் தன் புது காருக்கு ஹைட்ராலிக் பிரேக் வைக்கும்போது அந்தக் கம்பெனியின் இன்ஜினீயர்கள் தோலைத் தூக்கிப் போட்டுவிட்டு ரப்பர் கிண்ணம் வைத்தார்கள். பிரேக் பிழைத்தது.

ரப்பர் வந்ததும் கூடவே ஒரு புது விதியும் வந்தது. ரப்பருக்குப் பெட்ரோலியம் ஆகாது. மண்ணெண்ணெய், இன்ஜின் ஆயில், கிரீஸ் எது பட்டாலும் இயற்கை ரப்பர் ஊறி, உப்பி, கொழகொழத்துவிடும். ஆகவே பிரேக்குக்குள் என்ன ஊற்றினார்கள் தெரியுமா? விளக்கெண்ணெய்! ஆல்கஹாலில் கலந்த விளக்கெண்ணெய். நம் பாட்டிமார் வயிற்றுக்கு வைத்த நம்பிக்கையை அமெரிக்கர்கள் பிரேக்குக்கு வைத்தார்கள். பிறகு கிளைகால் வகைத் திரவங்கள் வந்தன. டாட் 3, டாட் 4 என்று டப்பாவில் போட்டிருக்கிறதே, அதுதான். ரப்பரும் இயற்கையிலிருந்து செயற்கைக்கு மாறி, ஈ.பி.டி.எம். என்ற வகைக்கு வந்தது. பெட்ரோலியம் ஆகாது என்ற விதி மட்டும் மாறவே இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பாய் ஷெட்டுக்குத் திரும்பும்போது தேவைப்படும்.

இனி வருகிறவரைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

நீல்ஸ் கிறிஸ்டென்சன். 1865-ல் டென்மார்க்கில் பிறந்தவர். 1891-ல் அமெரிக்கா போனவர். டிராம் வண்டிகளுக்குக் காற்று பிரேக் செய்து பேர் வாங்கினார். அந்தக் காப்புரிமைகள் கை மாறிக் கடைசியில் வெஸ்டிங்ஹவுஸிடம் போய்ச் சேர்ந்தன. 1933-ல், தன் 68-வது வயதில், ஹைட்ராலிக் பிரேக்கில் மூழ்கியிருந்தபோது, பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒழுகாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்தார். பிஸ்டனில் ஒரு பள்ளம். பள்ளத்தில் ஒரு வட்டமான ரப்பர் வளையம். பள்ளம் வளையத்தைவிடச் சற்று அகலம், அதனால் வளையம் உள்ளே லேசாக உருண்டு நெளிய இடம் உண்டு. அவ்வளவுதான். ஓ-ரிங்!

1937-ல் விண்ணப்பித்து 1939-ல் காப்புரிமை கிடைத்தது. வயது 74. ராணுவ விமானங்களின் சக்கரக் கால்களில் இருக்கும் ஹைட்ராலிக் ஜாக்குகள் அதுவரை ஒழுகிக்கொண்டிருந்தன. ஓ-ரிங்கைப் போட்டுப் பார்த்தார்கள். ஒழுகல் நின்றது. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்க அரசு போருக்குத் தேவையான காப்புரிமைகளைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, எல்லா உற்பத்தியாளர்களுக்கும் திறந்துவிட்டது. கிழவருக்கு மொத்தமாக 75,000 டாலர். வளையம் ஒன்றுக்கு அரைக் காசு ராயல்டி என்று போட்டுப் பாருங்கள். விமானம், லாரி, கப்பல், தண்ணீர்க் குழாய் என்று உலகம் எத்தனை கோடி ஓ-ரிங் போட்டிருக்கும்? பி.காம். படித்தவன் தூக்கம் கெடுகிற கணக்கு அது. கிறிஸ்டென்சன் 1952-ல் இறந்தார். வாரிசுகள் வழக்காடி 1,00,000 டாலர் வாங்கியது 1971-ல். அவர் போய் 19 வருஷம் கழித்து.

ஓ-ரிங் என்றதும் உங்களில் பலருக்கு இன்னொரு தேதி ஞாபகம் வந்திருக்கும். 1986, ஜனவரி 28. சேலஞ்சர் விண்கலம் கிளம்பி 73 வினாடியில் சிதறி ஏழு பேர் இறந்த நாள். ராக்கெட் பகுதிகளின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையங்கள் அன்றைய குளிரில் விறைத்துவிட்டன என்பதை விசாரணைக் கமிஷன் கண்டுபிடித்தது. பௌதிக மேதை ரிச்சர்ட் ஃபெய்ன்மேன் அந்தக் கமிஷனில் இருந்தார். டி.வி. காமிராக்கள் முன்னால், ஒரு ரப்பர்த் துண்டைச் சின்ன கிளாம்ப்பில் நசுக்கி, டம்ளரில் இருந்த ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்தார். கிளாம்ப்பைத் தளர்த்தினார். ரப்பர் உடனே பழைய உருவத்துக்குத் திரும்பவில்லை.

பாய் கேட்ட கேள்வியும் இதேதான். நசுங்கினது நிமிருமா, நிமிராதா?

திரும்ப டிஸ்க்குக்கு. லான்செஸ்டரின் ஐடியா அரை நூற்றாண்டு தூங்கிவிட்டு விமானச் சக்கரங்கள் வழியாக எழுந்து வந்தது. டன்லப் கம்பெனியும் ஜாகுவாரும் சேர்ந்து பந்தயக் காரில் வைத்துப் பார்த்தார்கள். 1953 லெ மான்ஸ், 24 மணி நேரப் பந்தயம். ஆறு கிலோமீட்டர் நேர்ச்சாலையில் பறந்து வந்து கடைசியில் கொண்டை ஊசி வளைவு. டிரம் பிரேக் கார்கள் சூடேறித் திணறின. டிஸ்க் வைத்த ஜாகுவார்கள் முதலிடம், இரண்டாமிடம், நான்காமிடம். அங்கே சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது அதுவே முதல் தடவை.

இரண்டு சக்கரத்துக்கு டிஸ்க் வந்தது 1962-ல், நம் அப்பா காலத்து லாம்ப்ரெட்டா வழியாக. டி.வி. 175 ஸ்கூட்டர். ஆனால் அதில் ஆயில் இல்லை, கேபிள்தான். ஆயில் டிஸ்க்கை ஊர் ஊராகக் கொண்டு போனது ஹோண்டா சி.பி. 750. அந்தத் திட்டத்தின் தலைவர் யோஷிரோ ஹராடா. 1968 அக்டோபர் டோக்கியோ கண்காட்சிக்கு வண்டி தயாராக வேண்டும். ஹராடா டிரம் ஒன்று, டிஸ்க் ஒன்று என இரண்டு விதமாகவும் வைத்து, டிஸ்க் இன்னும் புதுசு, சரி செய்ய நாள் பிடிக்கும் என்று சொய்ச்சிரோ ஹோண்டாவிடம் விளக்கினார். முதலாளி யோசிக்கவே இல்லை. டிஸ்க்தான் என்றுவிட்டார். வருஷத்துக்கு 1,500 வண்டி விற்றால் போதும் என்றுதான் ஆரம்பித்தார்கள். அது மாதத்துக்கு 1,500 ஆகி, பிறகு 3,000 ஆனது.

டிஸ்க் ஜெயித்தது. கூடவே ஒட்டிக்கொள்ளும் காலிப்பரும் உலகமெங்கும் போனது. கிளைகால் ஆயிலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் உறிஞ்சிய பிறகு அது 140 வரை இறங்கலாம் என்று அதே விதி அனுமதிக்கிறது. கொதிநிலை ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த ஈரம் உள்ளே இரும்பைத் துருப்பிடிக்க வைக்கிறது, அலுமினியத்தைப் பூக்க வைக்கிறது. சீல் உட்காரும் பள்ளத்தில் வெள்ளையாக, சுண்ணாம்பு மாதிரி ஒரு பொருக்கு சேரும். பள்ளம் நிரம்ப நிரம்ப சீல் வெளியே பிதுங்கும். பிதுங்கினால் பிஸ்டனின் கழுத்தைப் பிடிக்கும். பழைய சி.பி. 750 வைத்து இன்றும் சீராட்டுகிறவர்கள் குரோம் பிஸ்டனைத் தூக்கிவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிஸ்டன் போடுகிறார்கள். அந்த வண்டியின் காலிப்பர் ஒரு ஆணியில் ஊஞ்சல் மாதிரி ஆடும். அந்த ஆணி துருப்பிடித்தாலும் போச்சு.

நமக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. இந்தியாவில் ஹைட்ராலிக் டிஸ்க்கோடு வந்த முதல் பைக் என்று என்ஃபீல்டு ஃபியூரி 175-ஐச் சொல்வார்கள். எண்பதுகளின் வண்டி. ஜெர்மனியின் ஜுண்டாப் கம்பெனி டிசைன், இத்தாலியின் பிரெம்போ பிரேக், செய்தது நம் ராணிப்பேட்டையில்! 1984-ல் ஜுண்டாப் கம்பெனியே திவாலாகிவிட்டது. ஃபியூரியும் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கவில்லை. இன்றைக்கு அதை ஓட்டுகிறவர் யாராவது கிடைத்தால் பிரேக் சீல் பற்றி மட்டும் பேச்சுக் கொடுக்காதீர்கள். ஒரு மணி நேரம் போய்விடும். எனக்குப் போயிருக்கிறது.

நான் காலேஜில் இருந்த 1999-ல் ஹீரோ ஹோண்டா சி.பி.ஸீட் வந்தது, 2001-ல் பல்ஸர் வந்தது, டிஸ்க் சாதாரண ஜனங்களுக்கு இறங்கியது. 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புது பைக்குக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். கம்ப்யூட்டர் வந்தும் கடைசியில் பிஸ்டனை விடுவிப்பது அதே ரப்பர்தான்.

பாய் ஷெட்டில் விட்டோமே, அங்கே வருவோம். காலிப்பரை டிஸ்க்கிலிருந்து எடுத்தாரே தவிர ஓஸைக் கழற்றவில்லை. லீவரை மெதுவாக அழுத்தி அழுத்தி, ஆயில் பிரஷரிலேயே பிஸ்டனை வெளியே வரவைத்தார். நிறைய இடத்தில் கம்ப்ரஸர் காற்றை அடிப்பார்கள். துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும். "நம்ம ஷெட்லயே ஒரு பையனுக்கு வெரல் நசுங்கிச்சு. அத்தோட விட்டேன்" என்றார்.

பிஸ்டன் வந்தது. சீலை எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கினார். கொழகொழவென்று இருந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"பெட்ரோல்ல கழுவியிருக்கான் சார். கழுவிட்டு கிரீஸ் வேற தடவியிருக்கான். நல்லது செய்யறதா நெனச்சுதான் செஞ்சிருப்பான்."

பில்லில் இருந்த 'பிரேக் கிளீனிங்' இதுதான்! 1924-லேயே தெரிந்துபோன விஷயம் நூறு வருஷம் கழித்து என் வண்டிக்கு வந்து சேரவில்லை.

மகளை ஆட்டோவில் அனுப்பிவிட்டு நான் சீல் தேடக் கிளம்பினேன். மறுநாளும் தேடினேன். என் மாடல் நின்றுபோய் வருஷங்கள் ஆகின்றன. ஷோரூமில் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, சீல் தனியாக வராது, காலிப்பர் முழுசாகத்தான் வாங்கவேண்டும், அதுவும் ஸ்டாக் இல்லை என்றார்கள். ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் அதே சைஸ் மாதிரி ஒரு வளையம் கொடுத்தார்கள். இருபது ரூபாய். சந்தோஷமாக ஓடி வந்து கொடுத்தேன். பாய் அதைத் தொடக்கூட இல்லை. "இது வட்டம். நமக்கு வேண்டியது சதுரம். இன்னா ரப்பர்னு கேட்டியா?" கேட்கவில்லை. இன்ஜின் ஆயிலைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர் பிரேக் ஆயிலில் ஊறிக் கெட்டுவிடும். பிரேக் ஆயிலைத் தாங்கும் ஈ.பி.டி.எம். இன்ஜின் ஆயிலில் கெட்டுவிடும். பார்க்க இரண்டும் கறுப்பு.

இன்னொன்றும் சொன்னார். பழைய சீலைக் கையில் வைத்துக்கொண்டு அளவு பார்க்கக் கூடாது, அது உப்பியிருக்கும். பிஸ்டன் குறுக்களவையும் பள்ளத்தின் அகல ஆழத்தையும் அளந்து, அந்த நம்பரோடு கடைக்குப் போகவேண்டும். வெர்னியரை எடுத்து அளந்து, சிகரெட் அட்டையின் பின்னால் எழுதிக் கொடுத்தார். அந்த அட்டையோடு புதுப்பேட்டை, மறுபடி ஜி.பி. ரோடு. நாலாவது கடைப் பெரியவர் அட்டையைப் பார்த்துவிட்டு மாடல் பெயரையே கேட்கவில்லை. வேறொரு கம்பெனி வண்டியின் காலிப்பர் கிட்டை எடுத்து வைத்தார். தடித்த சீல் ஒன்று, தூசி தடுக்கிற மெல்லிய சீல் ஒன்று, ஸ்லைடு பின்னுக்கு ரப்பர் பூட் இரண்டு. பிஸ்டன் அளவு ஒன்றுதான், வண்டியின் பெயர் மட்டும் வேறு.

பாய் முனை மழுங்கிய ஒரு சைக்கிள் ஸ்போக்கை வளைத்து, பள்ளத்தில் இருந்த வெள்ளைப் பொருக்கைச் சுரண்டி எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. சுவரில் கீறல் விழாமல், பல் டாக்டர் மாதிரி. பிஸ்டனில் குரோம் உரியவில்லை, நல்ல வேளை. உரிந்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது, மாற்றத்தான் வேண்டும் என்றார். புது சீலைப் புது பிரேக் ஆயிலில் நனைத்து உட்கார வைத்தார். பிஸ்டனை இரண்டு கட்டைவிரலால் நேராக அழுத்தினார். சத்தமில்லாமல் உள்ளே போனது. காற்று எடுத்தார். லீவரைப் பிடித்தார், விட்டார். சக்கரத்தை ஒரு தட்டு தட்டினார். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"எவ்ளோ பாய்?"

"முந்நூறு குடுங்க."

மாட்ஸ்லேயின் முப்பது ஷில்லிங் ஞாபகத்துக்கு வந்தது. ஐநூறு கொடுத்தேன். மனுஷர் பையைத் துழாவி இருநூறைத் திருப்பி என் சட்டைப் பாக்கெட்டில் வைத்துவிட்டு, "ரெண்டு வருஷத்துக்கு ஒரு தபா ஆயிலை மாத்து. எவன் பெட்ரோல் டப்பாவைத் தூக்கினாலும் வண்டிய எடுத்துக்கினு வந்துடு" என்றார்.

மாஸ்டர் சிலிண்டர் மூடியில் மார்க்கர் பேனாவால் அன்றைய தேதியை எழுதி வைத்திருக்கிறேன். மகள் அதற்குக் கீழே அவள் பெயரையும் எழுதிவிட்டாள்.